ஆர்ல் நகரில் இரண்டு நாள்: எங்கே தொடங்குவது?

கேள்வி: பாரிஸில் வசிக்கும் நாங்கள், செப்டம்பரில் ஒரு சனி, ஞாயிறு தென் பிரான்ஸின் ஆர்ல் நகருக்குச் செல்ல எண்ணியிருக்கிறோம். உடன் வரும் என் அம்மாவுக்கு எழுபது வயது, முழங்கால் வலி உண்டு. மகனுக்குப் பன்னிரண்டு வயது. ரோமானியச் சின்னங்கள் ஒரு பக்கம், இடைக்காலத் தேவாலயங்கள் ஒரு பக்கம் என்று பட்டியல் நீள்கிறது. எந்த வரிசையில் பார்ப்பது, எவற்றை விட்டுவிடலாம்?

பதில்: முதலில், பட்டியலை அப்படி இரண்டாகப் பிரிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ரோமானியர் ஆர்லில் கட்டியவற்றை இடைக்கால மக்கள் கோட்டையாகவும், குடியிருப்பாகவும், கிடங்காகவும், சில இடங்களில் கல் எடுக்கும் குவாரியாகவும் பயன்படுத்தினார்கள். எந்தக் கட்டடத்துக்குள் மக்கள் குடியேறினார்களோ அது பெருமளவு தப்பியது. எதைக் கல்லுக்காகப் பெயர்த்தார்களோ அது அழிந்தது. இந்தக் கண்ணோட்டத்துடன் நடந்தால், யுனெஸ்கோ 1981இல் இந்நகரின் ரோமானியச் சின்னங்களையும் ரோமனெஸ்க் (ரோமானிய வளைவுகளைப் பின்பற்றிய இடைக்காலக் கட்டடப் பாணி) சின்னங்களையும் ஏன் ஒரே பதிவாக உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது என்பது உங்களுக்கே விளங்கும்.

தேதியை முடிவு செய்யும்போது செப்டம்பரின் இரண்டாம் வார இறுதியைத் தவிர்த்துவிடுங்கள். அப்போது 'ரிஸ் ஃபெரியா' எனப்படும் நெல் அறுவடைத் திருவிழா நடக்கும். ரோமானியர் கட்டிய நீள்வட்ட அரங்கு காளைச் சண்டைக்கு ஒதுக்கப்பட்டுவிடும், தெருக்களில் கூட்டம் நெரியும், விடுதியில் அறை கிடைப்பதும் கடினம். பாரிஸின் கார் த லியோன் நிலையத்திலிருந்து நேரடி அதிவேக ரயில் கிடைத்தால் ஏறத்தாழ நான்கு மணி நேரப் பயணம். அது கிடைக்காவிட்டால் அவின்யோனிலோ நீமிலோ மாறிக்கொள்ளலாம். ஆர்ல் ரயில் நிலையத்திலிருந்து அரங்குக்குப் பத்து நிமிட நடைதான். ஆயினும் அரங்கு ஒரு சிறு குன்றின் மேல் இருக்கிறது, பாதைகள் கல் பாவியவை. அம்மாவுக்கு டாக்ஸி வைத்துக்கொள்வதே நல்லது. காலணி தட்டையாக, பிடிமானமுள்ளதாக இருக்கட்டும்.

சனிக்கிழமை நண்பகலில் வந்து சேர்ந்ததும் எல்லோரும் அரங்கைத் தேடி ஓடுவார்கள். நீங்கள் ரோன் ஆற்றங்கரையில் உள்ள தொல்பொருள் அருங்காட்சியகத்திலிருந்து தொடங்குங்கள். சுவர்கள் நீல நிறத்தில் இருப்பதால் உள்ளூரில் அதை 'நீல அருங்காட்சியகம்' என்றே அழைக்கிறார்கள். நகர மையத்திலிருந்து கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான நடை. பேருந்திலோ டாக்ஸியிலோ போகலாம். வழக்கமாகச் செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதால் சனிக்கிழமை தடையில்லை. இங்கே தொடங்கச் சொல்வதற்குக் காரணம், அரங்கு, நாடக அரங்கு, மன்றம் (மக்கள் கூடும் பொதுச் சதுக்கம்), தேர்ப் பந்தயக் களம் ஆகியவை ரோமானியர் காலத்தில் எப்படி இருந்தன என்பதைக் காட்டும் மாதிரி உருவங்கள். அவற்றைப் பார்த்த பிறகு மறுநாள் சிதைவுகளுக்கு நடுவே நிற்கும்போது, இல்லாமல் போன பகுதியை மனம் தானே நிரப்பிக்கொள்ளும். தளம் பெரும்பாலும் சமமாக இருப்பதால் அம்மாவுக்கும் முதல் நாள் இதமாக இருக்கும்.

மகன் மறக்கப்போவதில்லை என்று நான் எண்ணுவது அங்குள்ள படகு. ரோன் ஆற்றின் சேற்றில் 2004இல் கண்டறியப்பட்டு, 2011இல் வெளியே எடுக்கப்பட்டு, மரம் சிதையாதபடி பதப்படுத்தப்பட்ட அந்த ரோமானியச் சரக்குப் படகின் நீளம் 31 மீட்டர். கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த அப்படகு, கட்டடக் கற்களை ஏற்றியிருந்த நிலையில் மூழ்கியது. அந்தக் கற்களையும் படகிலேயே வைத்திருக்கிறார்கள். மரப் பலகைகளுக்கிடையே ஒரு நாணயம் வைக்கப்பட்டிருந்ததை அவனைத் தேடச் சொல்லுங்கள். படகு கட்டியவர்கள் நற்பேறு வேண்டி வைத்தது அது. அருகில் வரிசையாக நிற்கும் மதுச்சாடிகளையும் கடந்துவிட வேண்டாம். புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் அகழாய்வில் கிடைத்த ரோமானியச் சாடிகள் உடைந்த ஓடுகளாகவே கிடைத்தன. அந்த வகைப் பாண்டங்கள் முழு உருவில் எப்படி இருந்தன என்பதை இங்கே கண்ணாரக் காணலாம். 2007இல் ஆற்றில் கிடைத்த பளிங்குத் தலைச்சிலையை ஜூலியஸ் சீசருடையது என்று காட்சிப்படுத்தியிருக்கிறார்கள்; எல்லா ஆய்வாளர்களும் அதை ஏற்பதில்லை. ஆயினும் சீசருக்கும் ஆர்லுக்கும் உள்ள தொடர்பு உறுதியானது. கி.மு. 49இல் அவர் மார்செய் நகரை முற்றுகையிட்டபோது, ஆர்ல் முப்பது நாளில் பன்னிரண்டு போர்க்கப்பல்களைக் கட்டிக் கொடுத்தது, கி.மு. 46இல் அவருடைய ஆறாம் படையணியின் ஓய்வுபெற்ற வீரர்கள் இங்கே குடியமர்த்தப்பட்டனர். நீங்கள் பார்க்கப்போகும் நகரம் அங்கிருந்து வளர்ந்தது.

மாலை வெயில் இருக்கும்போதே நகர மையத்தின் குடியரசுச் சதுக்கத்துக்குத் திரும்பிவிடுங்கள். சேன் திரோஃபிம் தேவாலயத்தின் முகப்பு மேற்கு நோக்கியது. காலையில் நிழலில் மங்கிக் கிடக்கும் சிற்பங்கள், பிற்பகல் ஒளி விழுந்ததும் ஒவ்வொன்றாக எழுந்து நிற்கும். 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செதுக்கப்பட்ட அந்த நுழைவாயிலின் நடுவே, நான்கு நற்செய்தியாளரின் சின்னங்கள் சூழ இயேசு வீற்றிருக்கிறார். கீழே ஒரு பக்கம் மீட்கப்பட்டோர், மறு பக்கம் சங்கிலியால் பிணைக்கப்பட்ட பாவிகள். வாயிலின் அமைப்பைச் சற்றுத் தள்ளி நின்று பாருங்கள்: ரோமானிய வெற்றி வளைவின் வடிவம் அது. சிற்பிகளின் கண்முன் பழைய ரோம் இன்னும் நின்றுகொண்டிருந்தது. 1178இல் பேரரசர் ஃபிரெட்ரிக் பார்பரோசா முடிசூடியதும் இந்தத் தேவாலயத்தில்தான். சதுக்கத்தின் நடுவே நிற்கும் கல் ஸ்தூபி, ரோமானியத் தேர்ப் பந்தயக் களத்திலிருந்து எடுத்துவந்து 1676இல் நிறுத்தப்பட்டது. அம்மா அதன் அடியில் உட்கார்ந்தபடியே முகப்பைப் பார்க்கலாம்.

ஞாயிறு காலை, திறந்த உடனே நீள்வட்ட அரங்குக்குள் நுழையுங்கள். ஏறத்தாழ கி.பி. 90இல் கட்டப்பட்டது, 136 மீட்டர் நீளம், 107 மீட்டர் அகலம், இரண்டு அடுக்காக அடுக்குக்கு அறுபது வளைவுகள், சுமார் 20,000 பேர் அமரும் இடம். இந்த எண்களைவிட முக்கியமானது அதன் பிற்கால வாழ்க்கை. ரோமப் பேரரசு சரிந்து நகருக்குப் பாதுகாப்பில்லாத காலத்தில், மக்கள் வளைவுகளை அடைத்து, கோபுரங்களை எழுப்பி, அரங்கையே கோட்டையாக்கி உள்ளே குடியேறினர். இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகளும் இரண்டு சிற்றாலயங்களும் கொண்ட ஒரு முழு ஊர், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அதற்குள் இருந்தது. 1825இல் வீடுகளை அகற்றத் தொடங்கினார்கள். அவ்வூரில் இன்று எஞ்சியிருப்பவற்றில் முதன்மையானவை மூன்று கோபுரங்கள். அந்த வீடுகளை நாம் இழந்தது எனக்கு வருத்தமே. கோபுரத்தின் மேலிருந்து நகரின் ஓட்டுக் கூரைகளும் ஆறும் தெரியும்; மகனும் நீங்களும் ஏறிவாருங்கள், செங்குத்தான படிகளை அம்மா தவிர்க்கட்டும். கீழ்த்தள வளைவுப் பாதையில் நடப்பதே அவருக்குப் போதுமான அனுபவம்.

சில நிமிட நடையில் நாடக அரங்கு. கி.மு. முதல் நூற்றாண்டின் இறுதியில் 10,000 பேருக்காகக் கட்டப்பட்ட இதற்கு அந்த நல்வாய்ப்பு இல்லை. 5ஆம் நூற்றாண்டிலேயே தேவாலயப் பணிக்காக இதன் பளிங்கைப் பெயர்த்தார்கள். மேடையின் பின்சுவரிலிருந்த தூண்களில் இரண்டு மட்டுமே இன்று முழுமையாக நிற்கின்றன. உள்ளூர் மக்கள் அவற்றை 'இரண்டு கைம்பெண்கள்' என்கிறார்கள். தென்புறம் ரோலான் கோபுரத்தைக் கவனியுங்கள். நாடக அரங்கின் வெளிச்சுவர் மூன்று அடுக்கும் முழு உயரத்துக்குத் தப்பியிருப்பது அங்கே மட்டும்தான்; இடைக்காலத்தில் அதை மதில் அரணோடு சேர்த்துக் கட்டியதே காரணம். 1651இல் இங்கே கிடைத்து, 1683இல் பதினான்காம் லூயி மன்னருக்குக் கொடுக்கப்பட்ட 'ஆர்லின் வீனஸ்' சிலை உங்கள் ஊரிலேயே, லூவ்ரில் இருக்கிறது. புறப்படுவதற்கு முந்தைய வாரம் அதைப் பார்த்துவிட்டு வந்தால், வெறுமையாக நிற்கும் இந்த மேடை உங்களுக்கு வேறாகத் தெரியும்.

பிறகு சேன் திரோஃபிமின் சுற்று மண்டபம், அதாவது துறவியர் நடந்து தியானித்த, முற்றத்தைச் சூழ்ந்த தூண் வரிசை. நேரம் குறைந்தாலும் இதைக் கைவிட வேண்டாம். வடக்கு, கிழக்குப் பக்கங்கள் 12ஆம் நூற்றாண்டின் ரோமனெஸ்க் பாணி. தெற்கு, மேற்குப் பக்கங்கள் 14ஆம் நூற்றாண்டின் கோதிக் பாணி, அதாவது கூரிய வளைவுகள் கொண்ட பாணி. ஒரு மூலையில் நின்று இரு பக்கமும் திரும்பிப் பார்த்தாலே கூரையின் வளைவும் தூண்தலையின் செதுக்கலும் எப்படி மாறின என்பது தெரியும். வடமேற்கு மூலையில் பெரிய தூணில் செதுக்கப்பட்ட புனிதர் உருவங்களுக்குப் பத்து நிமிடமாவது கொடுங்கள்.

அதே சதுக்கத்தில் நகர மன்றக் கட்டடத்தின் வழியாக இறங்கினால் கிரிப்டோபோர்ட்டிக்கஸ். சரிவான நிலத்தில் ரோமானியர் தம் மன்றத்துக்குச் சமதளம் அமைக்க, ஏறத்தாழ கி.மு. 30ஐ ஒட்டிக் கட்டிய நிலவறை நடைகள் இவை. மேலே மன்றம் மறைந்துபோயிற்று, தாங்கிய அடித்தளம் இருக்கிறது. படிகள் உண்டு, தரை ஈரமாக இருக்கும், வெளிச்சம் குறைவு. ஆகவே அம்மா மேலே காத்திருக்க, மகனை நீங்கள் அழைத்துச் செல்லலாம்.

விட்டுவிட வேண்டுமென்றால், ஆற்றங்கரையிலுள்ள கான்ஸ்டன்டைன் நீராடு மண்டபத்தை விடுங்கள். 4ஆம் நூற்றாண்டுச் செங்கல் வேலையை வெளியிலிருந்தே ஓரளவு பார்க்கலாம். அலிஸ்கான் இடுகாட்டை விடாதீர்கள். ரோமானியர் நகருக்கு வெளியே சாலையோரத்தில் அமைத்த இடுகாடு இது. புனித ஜெனேசியுஸ் இங்கே புதைக்கப்பட்டதாக நம்பப்பட்டதால் இடைக்காலத்தில் கிறித்தவர்கள் பெரிதும் விரும்பிய அடக்கத் தலமாயிற்று, இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் 'நரகம்' காவியப் பகுதியிலும் இடம்பெற்றது. சிறந்த கற்பேழைகள் பெரிய மனிதர்களுக்குப் பரிசாகப் போயின, 19ஆம் நூற்றாண்டில் ரயில் பாதை ஒரு பகுதியை விழுங்கியது. மிஞ்சிய பேழைகள் மரங்களின் கீழ் இருபுறமும் நிற்கும் அந்தச் சமதளப் பாதையை 1888 இலையுதிர் காலத்தில் ஓவியர்கள் வான் கோவும் கோகனும் அருகருகே நின்று தீட்டினார்கள். நிழல் உண்டு, ஏற்றம் இல்லை. அம்மாவுக்கு ஏற்ற நடை.

நுழைவுச்சீட்டைத் தனித்தனியாக வாங்க வேண்டாம். பல சின்னங்களுக்குச் சேர்ந்த கூட்டுச்சீட்டை முதல் இடத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள், மகனின் வயதையும் சொல்லுங்கள். தேவாலயத்துக்குள் செல்லக் கட்டணமில்லை. சுற்று மண்டபத்துக்கு மட்டும் சீட்டு வேண்டும். ஞாயிறு காலை வழிபாடு நடக்கும்போது உள்ளே சுற்றிப் பார்ப்பது முறையன்று என்பதால், தேவாலயத்தின் உட்புறத்தைச் சனி மாலையிலேயே முடித்துவிடுங்கள். அங்கே பீடமாக மாற்றப்பட்டுள்ள பழைய கற்பேழைகளை அம்மா நிதானமாகப் பார்க்க அதுவே தோதான நேரம்.