பழைய காரில் எதை நாமே செய்யலாம், எதை மெக்கானிக்கிடம் விட வேண்டும்?

கேட்டவர் கல்முனையில் இருக்கிறார். செகண்ட் ஹேண்டாக ஒரு சுசுகி அல்டோ வாங்கியிருக்கிறார், வீட்டில் அண்ணனுடைய டொயோட்டா அக்குவாவும் நிற்கிறது. கராஜ் செலவு கட்டுப்படியாகவில்லை, யூடியூப் பார்த்து எதுவரைக்கும் நானே செய்யலாம், எங்கே கையை எடுக்க வேண்டும் என்பது அவருடைய கேள்வி.

நான் மட்டக்களப்பில், கல்லடிப் பக்கம் இருக்கிறேன். தொழில்முறை மெக்கானிக் இல்லை. பழைய கார்களை வைத்து ஓட்டுகிறவன், என் வண்டியின் சின்ன வேலைகளை நானே பார்க்கிறவன். இலங்கையில் 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அந்த இடைக்காலத்தில் இருக்கிற வண்டியை எப்படியாவது காப்பாற்றி ஓட்டும் பழக்கம் நம்மில் பலருக்கு வந்துவிட்டது. புது வாகனத்துக்கான வரியைப் பார்த்தால் இன்னும் கொஞ்சக் காலத்துக்கு இதே பாடுதான். அதனால் உங்கள் கேள்வி மிகவும் தேவையான கேள்வி.

முதலில் ஒன்று. வேலை சுலபமா கஷ்டமா என்று பார்த்துப் பிரிக்காதீர்கள். பிறேக் பேட் மாற்றுவது உண்மையில் அப்படியொன்றும் கஷ்டமான வேலை இல்லை. டேஷ்போட்டைக் கழற்றி ரேடியோ மாற்றுவது அதைவிடச் சிக்கல். ஆனால் ரேடியோவில் பிழை விட்டால் பாட்டுக் கேட்காது, அவ்வளவுதான். பிறேக் பேட்டைப் பிடித்திருக்கும் கேலிப்பரின் போல்ட் ஒன்று சரியாக இறுகாமல் போனால், அது முற்றத்தில் நிற்கும்போது தெரியவே தெரியாது. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும்போது, மாடு குறுக்கே வந்து நீங்கள் அழுத்தி மிதிக்கும் நேரத்தில்தான் தெரியும். ஆகவே நான் பார்ப்பது இதைத்தான்: நான் விடும் பிழை கேற்றைத் தாண்டுவதற்கு முன்பே தெரிந்துவிடுமா, அல்லது வீதியில் ஓட்டத்தில் தெரியவருமா? முன்னது என்றால் நானே செய்வேன். பின்னது என்றால் கராஜ்.

இந்த அளவுகோலை வைத்தால் நம் கைக்கு வருகிற வேலைகள் நிறைய. வைப்பர் பிளேட், எயார் பில்டர், ஏசி கபின் பில்டர், பல்ப், பியூஸ், பட்டரி, டயர் காற்று. இவற்றுக்குக் கராஜுக்குக் காசு கொடுக்கவே தேவையில்லை.

பட்டரியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம் கரையில் அதுதான் முதலில் தொல்லை கொடுக்கும். கல்லடி, காத்தான்குடி, களுவாஞ்சிகுடி, கல்முனை எல்லாம் கடலுக்கு மிகக் கிட்ட. உப்புக்காற்று ஓயாது. பட்டரி முனையில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும் தூளைக் கண்டால் உடனே பட்டரி போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். எஞ்சினை நிறுத்தி, முதலில் மைனஸ் வயரைக் கழற்றி, அப்புறம் பிளஸ்ஸைக் கழற்றுங்கள். சுடுதண்ணீரில் அப்பச்சோடா கரைத்துப் பழைய பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்து, நன்றாகக் காயவிட்டுக் கொஞ்சம் கிரீஸ் பூசுங்கள். பூட்டும்போது பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். இந்த வரிசைக்குக் காரணம் இருக்கிறது. மைனஸ் வயர் காரின் உடலோடு சேர்ந்தது. அது பூட்டியிருக்கும்போது பிளஸ்ஸில் வைத்த ஸ்பேனர் உடலில் தொட்டால் பெரிய தீப்பொறி பறக்கும்.

ஒரு சின்ன மல்டிமீற்றர் வாங்கி வைத்திருங்கள். இரவு முழுக்க நின்ற காரில் 12.6 வோல்ட் காட்டினால் பட்டரி நிறைந்திருக்கிறது. 12.2 அளவில் காட்டினால் பாதிதான். எஞ்சின் ஓடும்போது 13.7 இலிருந்து 14.7 வரை வர வேண்டும். வரவில்லை என்றால் கோளாறு பட்டரியில் இல்லை, சார்ஜ் ஏற்றும் பக்கத்தில். அந்த நேரத்தில் புதுப் பட்டரி வாங்கிப் போட்டால் அதுவும் சில நாளில் இறங்கிவிடும்.

பியூஸ் எரிந்தால் அதே அம்பியர் பியூஸையே போடுங்கள். 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. திரும்பத் திரும்ப எரிந்தால் எங்கோ வயர் உராய்கிறது என்று அர்த்தம், ஆளிடம் காட்ட வேண்டும். பெரிய பியூஸ் போடுவதும் கம்பி சுற்றுவதும் காருக்கு நெருப்பு வைக்கிற வேலை. ஹெட்லைட் பல்பும் அப்படித்தான். அல்டோவில் இருப்பது எச் 4 வகை, 60/55 வொட். வெளிச்சம் போதாது என்று 100 வொட் பல்ப் போட்டால் ஹோல்டர் உருகும். மாற்றும்போது கண்ணாடியில் விரல் படாமல் துணியால் பிடியுங்கள், விரல் எண்ணெய் பட்ட இடம் சூடாகி பல்ப் சீக்கிரம் போய்விடும். இரவில் நம் வீதிகளில் தாரின் சூட்டுக்கு மாடுகள் படுத்துக் கிடக்கும், படுவான்கரைப் பக்கம் யானையும் வரும். லைட் சரியாக இருப்பதை நான் பிறேக்குக்கு அடுத்த இடத்தில் வைக்கிறேன்.

டயர் காற்றை ஓடி வந்த சூட்டில் பார்க்காதீர்கள், காலையில் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். எவ்வளவு வேண்டும் என்பது டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கும். டயரின் பக்கச் சுவரில் இருப்பது அது தாங்கக்கூடிய உச்ச அளவு, அதைப் பார்த்து அடிக்கக் கூடாது. டயர் பள்ளத்துக்குள் சின்னத் திட்டு ஒன்று இருக்கும், அதன் உயரம் 1.6 மில்லிமீற்றர். பூ தேய்ந்து அந்தத் திட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் டயர் முடிந்தது. பழைய கார் வாங்கியவர் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கம். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். பூ நிறைய இருந்தாலும், வெயிலில் நின்று நின்று ரப்பர் வெடித்த டயரை நம்பக் கூடாது.

எஞ்சின் ஒயில் மாற்றுவது எல்லையில் நிற்கும் வேலை. ஒழுகினால் முற்றத்திலேயே தெரியும், ஆகவே செய்யலாம். ஆனால் காருக்கு அடியில் போக வேண்டும், அங்கேதான் எனக்குப் பயம். நம் ஊரில் பல வளவுகள் மணல். ஜக்கை மணலில் வைத்தால், கார் உயர உயர ஜக் கீழே புதையும் அல்லது சரியும். தடித்த பலகை போட்டு அதன்மேல் ஜக், பிறகு இரண்டு ஜக் ஸ்டாண்ட், தரையில் இருக்கும் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கல். சீமெந்துத் தரை இருந்தால் அதுவே நல்லது. வெறும் ஜக்கை நம்பிக் காருக்குக் கீழே தலையை வைக்கவே வேண்டாம், ஒரு நிமிஷ வேலையாக இருந்தாலும். ஸ்டாண்ட் வாங்க இப்போது வசதியில்லை என்றால் ஒயிலும் பில்டரும் நீங்கள் வாங்கிக்கொண்டு போய்ச் சேர்விஸ் ஸ்டேஷனில் கொடுங்கள். உங்கள் கண் முன்னால் மாற்றித் தருவார்கள்.

வீட்டில் மாற்றினால் பழைய ஒயிலைக் கானுக்குள்ளோ காணிக்குள்ளோ ஊற்றாதீர்கள். இங்கே தண்ணீர் எல்லாம் கடைசியில் வாவிக்கோ கடலுக்கோதான் போகிறது, குடிக்கும் கிணறும் அதே மணலில்தான் இருக்கிறது. கேனில் பிடித்துக் கராஜில் கொடுத்தால் எடுத்துக்கொள்வார்கள்.

கூலன்ட் பார்ப்பதும் நிரப்புவதும் உங்கள் வேலைதான். எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள், உள்ளே அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் நூறு பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும், மூடி திறந்த கணம் முகத்துக்கு அடிக்கும். கிணற்றுத் தண்ணீரும் ஊற்ற வேண்டாம். நம் பக்கத்துக் கிணறுகளில் பல உவர், உள்ளே உப்புப் படிந்து துருப்பிடிக்கும். வழியில் வேறு வழியில்லாமல் ஊற்றினால் ஊருக்கு வந்ததும் கழுவிக் கூலன்ட் போட்டுவிடுங்கள். மட்டம் அடிக்கடி இறங்கினால் எங்கோ ஒழுக்கு, அது மெக்கானிக்குக்கான விஷயம்.

இனி கொடுத்துவிட வேண்டியவை. பிறேக், ஸ்டியரிங், சஸ்பென்ஷன், எயார் பேக், ஏசி காஸ், கியர் பொக்ஸ். சொக் அப்சோபரைச் சுற்றியுள்ள ஸ்பிரிங்கை அமுக்கிக் கழற்ற வேண்டும், தவறி விரிந்தால் ஆளைக் கொல்லும் விசை அதில் இருக்கிறது. எயார் பேக் ஒரு வெடிப்பொருள். எஞ்சினின் வால்வுகளை நேரத்துக்கு இயக்கும் டைமிங் பெல்ட் உங்கள் அல்டோவில் இருந்தால் (சில அல்டோக்களில் பெல்ட்டுக்குப் பதில் செயின்) அதுவும் கராஜுக்குத்தான். பல் ஒன்று தள்ளிப் பூட்டினாலும் எஞ்சின் ஒழுங்காக ஓடாது, ஓட்டத்தில் அறுந்தால் அந்த இடத்திலேயே நின்றுவிடும். முந்திய உரிமையாளர் எப்போது மாற்றினார் என்பதற்கு ஆதாரம் இல்லாவிட்டால் முதல் மாதமே மாற்றச் சொல்வேன்.

பிறேக்கில் நீங்கள் செய்ய வேண்டியது கவனிப்பது. மிதிக்கும்போது கீச்சென்று சத்தம், ஒரு பக்கம் இழுப்பு, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போவது, பிறேக் ஒயில் மட்டம் இறங்குவது, இதில் எது வந்தாலும் அன்றைக்கே காட்டுங்கள். மட்டம் இறங்கினால் ஊற்றி நிரப்பிவிட்டு மறந்துவிடக் கூடாது. பேட் தேய்ந்திருக்கும், இல்லையென்றால் ஒழுகும். அந்த ஒயில் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், ஈரம் சேரச் சேரக் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது அதனால்தான். கல்முனையிலும் மட்டக்களப்பிலும் தட்டையான வீதியில் ஓடும்வரை இது தெரியாது. கண்டிக்குப் போய்த் திரும்பும்போது மகியங்கனைப் பக்கம் பதினெட்டு வளைவு இறக்கத்தில், பிறேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் தெரியும். அப்படி ஒரு பயணம் வைத்திருந்தால் முதலில் பிறேக்கைக் காட்டிவிட்டுப் போங்கள், இறக்கத்தில் சின்ன கியரில் வாருங்கள். கரையோரக் கார்களில் அடிப்பக்கத்து இரும்பு பிறேக் பைப்பும் துருப்பிடிக்கும். கார் லிஃப்டில் ஏறும்போது அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அக்குவா பெற்றோலோடு மின்சாரத்திலும் ஓடும் ஹைபிரிட் கார். அதில் செம்மஞ்சள் நிற வயர் எங்கே கண்டாலும் தொடாதீர்கள். காரை ஓட்டும் பெரிய ஹைபிரிட் பட்டரி 144 வோல்ட், அந்த மின்சாரத்தை மோட்டருக்கு மாற்றிக் கொடுக்கும் இன்வேட்டருக்குள் அது இன்னும் கூடும். கார் நிறுத்தியிருந்தாலும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும். ஹைபிரிட் பட்டரியைத் திறந்து செல் மாற்றும் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன, தயவுசெய்து அந்தப் பக்கம் போகவே வேண்டாம். ஆனால் அண்ணனுக்கு நீங்கள் செய்து கொடுக்கக்கூடிய பெறுமதியான வேலை ஒன்று இருக்கிறது. பின் சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு காற்றுத் துவாரம் தெரியும், அதன் வழியாகத்தான் அந்தப் பட்டரிக்குக் குளிர்காற்று போகிறது. அதில் தூசும் தலைமுடியும் அடைத்தால் பட்டரி சூடாகிச் சீக்கிரம் பலமிழக்கும். வலையை எடுத்துச் சுத்தம் செய்யுங்கள், அதன் முன்னால் பையோ துணியோ வைக்க விடாதீர்கள். அக்குவாவின் 12 வோல்ட் பட்டரியும் பின்பக்கம் கபினுக்குள்தான் இருக்கிறது. மாற்றும்போது காற்றை வெளியே விடும் குழாய் பூட்டக்கூடிய அதே வகையை வாங்க வேண்டும்.

செய்வது கராஜ் என்றாலும், என்ன கோளாறு என்று பார்ப்பதில் நீங்கள் பங்கெடுங்கள். அதில்தான் காசு மிஞ்சும். என் காரில் ஏசி குளிராமல் போனபோது ஒரு கராஜில் கம்பிரசரையே மாற்ற வேண்டும் என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. வழக்கமாகப் போகும் காத்தான்குடி மெக்கானிக் காக்காவிடம் கொண்டுபோனேன். அவர் போனட்டைத் திறந்து ஏசியைப் போட்டுவிட்டு, "தம்பி, முன்னுக்கு இருக்கிற ஃபேன் சுத்தல்ல பாருங்க" என்றார். பியூஸ் போயிருந்தது. அவ்வளவுதான்.

அதனால் கராஜுக்குப் போகும்போது "பிறேக் பேட் மாற்றுங்கள்" என்று சொல்லாதீர்கள். "இடது முன்சில்லுப் பக்கம், மெதுவாக மிதிக்கும்போது மட்டும் கீச்சென்கிறது, மழை நாளில் இன்னும் கூடுகிறது" என்று சொல்லுங்கள். பேச்சு அங்கேயே மாறும். கழற்றிய பழைய பார்ட்ஸைத் திருப்பிக் கேளுங்கள். நல்ல மெக்கானிக் அதற்குக் கோபிக்க மாட்டார், தானாகவே எடுத்துக் காட்டுவார். கூலியை முதலே பேசிக்கொள்ளுங்கள். பார்ட்ஸ் நீங்கள் வாங்குவதாக இருந்தால் செசி நம்பரைக் கொண்டுபோங்கள், ஊரில் கிடைக்காதது கொழும்பு பஞ்சிகாவத்தையில் கிடைக்கும். காரில் செருகிக் கோளாறு கோட்டைப் படிக்கும் ஸ்கானர் ஒன்று வாங்கினாலும் பிரயோசனம்தான், ஆனால் கோட் வந்தவுடன் அந்தப் பார்ட்டை வாங்கப் போகாதீர்கள். பி0301 என்றால் முதல் சிலிண்டரில் எரிதல் தவறுகிறது என்று மட்டும் அர்த்தம். பிளக்காக இருக்கலாம், கொயிலாக இருக்கலாம், இன்ஜெக்டராகவும் இருக்கலாம்.

இப்போது மாரி வரப்போகிறது என்றால், வைப்பர், லைட், டயர், பட்டரி நான்கையும் நீங்களே பார்த்து முடியுங்கள், பிறேக்கையும் அடிப்பக்கத்தையும் கராஜில் காட்டுங்கள். மாவடிப்பள்ளிப் பக்கம் வீதிக்கு மேலால் தண்ணீர் ஓடினால் எந்தக் காரிலும் இறங்காதீர்கள். வீட்டில் நிற்கும் கார் வெள்ளத்தில் மூழ்கிவிட்டால், தண்ணீர் வற்றியதும் ஸ்டார்ட் பண்ணிப் பார்க்க வேண்டாம். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது, கொனெக்டிங் ரொட் வளைந்து எஞ்சினே போய்விடும். அல்டோ என்றால் பட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றுங்கள், போட்டோ எடுங்கள், இன்சூரன்ஸுக்குச் சொல்லுங்கள், கட்டி இழுக்காமல் ஏற்றிக்கொண்டு கராஜுக்கு அனுப்புங்கள். அக்குவா என்றால் எதையும் கழற்ற வேண்டாம், ஹைபிரிட் தெரிந்த ஆள் வரும்வரை அதில் கை வைக்காமல் விடுங்கள்.