வீட்டு வளவில் நாலைந்து கோழிகளுக்கு எந்தக் கூடு பொருந்தும்? கேள்வி பதில்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் வீட்டுத் தேவைக்காகச் சில கோழிகளை மட்டும் வளர்ப்போர் கூடு பற்றிக் கேட்ட கேள்விகளுக்கு, கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒருவர் எழுதிய பதில்கள்.

கேள்வி (ஆரையம்பதி): வணக்கம் ஐயா. முட்டைக்காக ஆறு பேட்டுக் கோழிகள் வாங்க இருக்கிறோம். வெல்டிங் கடை ஒன்றில் மூன்றடி நீளமும் இரண்டடி அகலமும் உள்ள இரும்புக் கூடு ஆயத்தமாக இருக்கிறது. எட்டுக் கோழிகளை அடைக்கலாம் என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம், மகள். அந்தக் கூட்டின் தரை ஆறு சதுர அடி மட்டுமே. பகல் முழுவதும் வளவில் திரிந்துவிட்டு இரவில் மட்டும் அடையும் கோழிக்குக்கூட, கூட்டினுள் இரண்டு முதல் இரண்டரைச் சதுர அடி இடம் வேண்டும். ஆகவே அந்தக் கூடு இரண்டு கோழிகளுக்குப் போதும், மூன்றாவதற்கே நெருக்கம்தான். உங்கள் ஆறு கோழிகளுக்கும் நான்கடிக்கு நான்கடி கூடு பொருந்தும். நாய்த் தொல்லையாலோ தோட்டத்துப் பயிராலோ பகலில் திறந்துவிட முடியாது என்றால், கூட்டோடு சேர்த்துக் கோழி ஒன்றுக்கு எட்டு முதல் பத்துச் சதுர அடி வரையில் வலையடைத்த வெளியிடமும் அமைத்துக் கொடுங்கள்.

இடம் குறைந்தால் கோழிகள் ஒன்றையொன்று கொத்தத் தொடங்கும். இரத்தம் கண்ட இடத்தை அவை விடுவதில்லை. நலிந்த கோழி தீனிக்கும் தண்ணீருக்கும் கிட்டப் போக முடியாமல் மெலிந்து, முட்டையையும் நிறுத்திவிடும். நம் பகுதியில் வெப்பம் இதைவிடப் பெரிய ஆபத்து. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து இளைத்துத்தான் அது தன் உடற்சூட்டைத் தணிக்கிறது. சிறிய பெட்டிக்குள் எட்டு உடல்களின் சூடும் மூச்சின் ஈரமும் சேர்ந்தால் அந்த வழியும் அடைபட்டுப் போகும்.

கேள்வி (வவுணதீவு): சேர், நாங்கள் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருக்கிறோம். மாரியில் வளவுக்குள் தண்ணீர் ஏறி, சில வருடங்களில் நாட்கணக்கில் நிற்கும். நிலத்தில் கூடு அடிப்பதா, கால் வைத்து உயர்த்துவதா?

பதில்: உங்கள் நிலத்துக்கு உயர்த்திய கூடுதான். எத்தனை அடி என்பதை என்னைக் கேட்பதைவிட உங்கள் வீட்டுச் சுவரையும் கிணற்றுக் கட்டையும் பாருங்கள். 2011 ஜனவரி வெள்ளம் போன்ற பெருவெள்ளங்கள் விட்டுச் சென்ற அடையாளம் எங்காவது இருக்கும்; இல்லாவிட்டால் வீட்டுப் பெரியவர்கள் கைகாட்டிச் சொல்வார்கள். கூட்டின் தரை அந்த மட்டத்துக்கு ஓரடியாவது மேலே இருக்கட்டும். வெள்ளம் அவ்வளவு ஏறாத வளவிலும் நிலத்திலிருந்து மூன்றடி உயர்த்துவது நல்லது. அப்போதுதான் கீழே சேரும் எச்சத்தைக் குனிந்து வாரியெடுக்க முடியும்.

தரைக்குக் கமுகஞ் சலாகையோ பனஞ் சலாகையோ பயன்படுத்துங்கள். ஒவ்வொன்றும் ஒன்றரை அங்குல அகலமாகவும், இடைவெளி ஓர் அங்குலத்துக்கு மிகாமலும் இருந்தால் எச்சம் கீழே விழும், கோழியின் கால் இடையில் சிக்காது. கோழி மிதிக்கும் பக்கத்தை இழைத்து, சிராய் இல்லாமல் செய்துவிடுங்கள். செலவு குறைவு என்று தரை முழுவதற்கும் வெறும் கம்பி வலை போடுகிறவர்கள் உண்டு. நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். கோழியின் உடற்பாரம் முழுவதும் மெல்லிய கம்பியில் இறங்குவதால், நாளடைவில் பாதத்தில் புண் வந்து வீங்கும்.

கால்களை நேரே மண்ணில் புதைத்தால் கறையான் அரிக்கும். சீமெந்துக் கட்டை வார்த்து அதன்மேல் நிறுத்துங்கள். தரைக்குக் கீழ்ப்புறத்தையும் திறந்து விடாதீர்கள். இரவில் கீழே வந்து நிற்கும் விலங்கு, இடைவெளியால் கோழியின் காலைக் கவ்வும். கால்களைச் சுற்றி வலையடித்து, எச்சம் வாரும் பக்கத்தில் மட்டும் ஒரு சிறு கதவு வைத்தால் போதுமானது. ஏணிப்படியை இரவில் எடுத்து வைக்கக்கூடியதாகச் செய்யுங்கள்.

வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில், கடலோர மணற்பாங்கான வளவில் இருப்பவர்களுக்கு இத்தனை வேலை தேவையில்லை. அங்கே மழைநீர் விரைவாகச் சுவறிவிடும். சுற்று நிலத்தைவிட ஓரடி உயர்த்தி மண் நிரப்பி, மேலே சீமெந்துத் தரை போட்டு, அதன்மேல் நான்கு அங்குலத்துக்கு உமி பரப்பினால் நல்ல கூடாகிவிடும்.

கேள்வி (காத்தான்குடி): சேர், எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டு மதிலுக்கும் இடையில் ஐந்தடி இடம்தான் உண்டு. நான்கு கோழிகள் வளர்க்க ஆசை. மணம் வந்து அயலவர் மனம் நோகக் கூடாது. என்ன செய்யலாம்?

பதில்: அயலவரைப் பற்றி முதலிலேயே யோசித்திருக்கிறீர்களே, அதுவே மகிழ்ச்சி. நான்கு கோழிகளின் எச்சம் காய்ந்த நிலையில் பெரிதாக மணப்பதில்லை. எச்சத்தோடு ஈரம் சேரும்போதுதான் கண்ணைக் கரிக்கும் அமோனியா வாயு கிளம்புகிறது. ஆகவே உங்கள் கவனமெல்லாம் ஈரத்தின் மீதே இருக்கட்டும்.

நிலத்தில் நான்கு அங்குல ஆழத்துக்கு உலர்ந்த உமி பரப்புங்கள். நெல் ஆலைகளில் எளிதாகக் கிடைக்கும். வாரத்துக்கு இரண்டு தடவை அதைக் கிளறிவிடுங்கள். ஒரு பிடி உமியை அள்ளிக் கையால் இறுக்கிப் பாருங்கள். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் நல்லது. கட்டியாகவே நின்றால் ஈரம் கூடிவிட்டது என்று பொருள். அந்தப் பகுதியை அள்ளி எறிந்துவிட்டுப் புது உமி இடுங்கள். தண்ணீர்ப் பாத்திரத்தைக் கோழியின் முதுகு மட்டத்துக்கு உயர்த்தி, கூட்டின் ஓரத்தில் வையுங்கள். உமி நனைவதற்கு மழையைவிடச் சிந்தும் தண்ணீரே பெரும்பாலும் காரணமாக இருக்கிறது. ஈர உமியில் இரத்தக் கழிச்சலை உண்டாக்கும் கிருமியும் பெருகும். குஞ்சுகளை அது விரைவாகக் கொல்லும்.

ஐந்தடி இடைவெளியில் கூட்டை மதிலோடு ஒட்ட வைக்காமல் ஒன்றரை அடி விடுங்கள். காற்று புகவும், நீங்கள் பின்பக்கம் சென்று கூட்டவும் அது வேண்டும். சேவல் வேண்டாம், அது இல்லாமலே பேடு முட்டையிடும், விடியுமுன் அயலவர் தூக்கமும் கெடாது. கூடு வைப்பதற்கு முன்னரே அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

கேள்வி (அக்கரைப்பற்று): கூரைக்குத் தகரமா, கிடுகா, அஸ்பெஸ்டஸா?

பதில்: சூடாகவும் வறட்சியாகவும் கச்சான் காற்று வீசும் மாதங்களை மனதில் வைத்துத்தான் கூரையைத் தெரிவுசெய்ய வேண்டும். தாழ்வாகப் போட்ட வெறும் தகரத்தின் கீழ் நடுப்பகலில் கையை வைத்துப் பார்த்தால், உள்ளே கோழி என்ன பாடுபடும் என்பது விளங்கும். கிடுகு குளிர்ச்சியானது, மலிவானது, நம் ஊரிலேயே இழைக்கப்படுவது. ஆனால் ஓரிரு வருடங்களில் மாற்ற வேண்டும். எலியும் அதைத் தேடிப் பாம்பும் வந்து தங்க இடமுண்டு. என் தெரிவு, தகரத்தைப் போட்டு அதன்மேல் கிடுகு வேய்வது. தகரம் மழையைத் தடுக்கும், கிடுகு வெயிலைத் தடுக்கும். கிடுகு கிடைக்காவிட்டால் தகரத்தின் மேற்புறத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தாலும் சூடு குறையும். பழைய அஸ்பெஸ்டஸ் தகடுகளை வெட்டவும் துளைக்கவும் வேண்டாம். அந்தத் தூசு நெஞ்சுக்குக் கேடு.

கூரையின் தாழ்ந்த பக்கம் ஐந்தடிக்குக் குறையாமல் இருக்கட்டும். நாற்புறமும் இரண்டடி வெளியே நீட்டிவிட்டால் வாடைக் காற்றோடு சாய்ந்து அடிக்கும் மழை உள்ளே வராது. கூட்டின் நீளப் பக்கம் கிழக்கு மேற்காக அமைந்தால் காலை மாலை வெயில் குறுகிய பக்கங்களில் மட்டுமே படும். வேம்பு, பூவரசு போன்ற மரநிழல் இருந்தால் அங்கேயே வையுங்கள். பட்ட கொப்புகளை மட்டும் மாரிக்கு முன் வெட்டிவிடுங்கள். 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்டவர்களுக்குக் கூரையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்கள் ஆணியை மட்டும் நம்பாமல், கூரை மரத்தைக் கால்களோடு கம்பியால் வரிந்து கட்டுங்கள்.

காற்றுக்கான திறப்பு கூரைக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். மழைக்குப் பயந்து நாலு பக்கமும் பலகையடித்து மூடிவிடும் வழக்கத்தைப் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். அது கோழிக்குச் செய்யும் உதவியன்று. கீழ்ப்பாதி மறைவாகவும் மேற்பாதி வலையாகவும் இருந்தால், தடியில் அமர்ந்திருக்கும் கோழியின் மேல் நேரே காற்று அடிக்காமலே உள்ளிருக்கும் சூடான காற்று வெளியேறும். மாரியில் வாடை அடிக்கும் பக்கத்துக்கு மட்டும் ஒரு சாக்குத் திரை போதும்.

கேள்வி (திருக்கோவில்): ஐயா, மரநாய் ஒரே இரவில் மூன்று கோழிகளைக் கொன்றுவிட்டது. கோழி வலைதான் அடித்திருந்தோம். அதைக் கிழித்துக்கொண்டே உள்ளே போயிருக்கிறது.

பதில்: உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன். ஆறு மூலைக் கண்ணுள்ள அந்த மெல்லிய வலை, கோழியை உள்ளே வைத்திருக்கத்தான் உதவும். வெளியிலிருந்து வரும் பல்லையும் நகத்தையும் தடுக்கும் வலு அதற்கு இல்லை. மரநாயும் நாயும் அதைக் கிழிக்கும், பாம்பும் எலியும் அதன் கண்ணுக்குள்ளாலேயே நுழையும். இரும்புக் கடைகளில் வெல்ட் மெஷ் என்று கேட்டால் பற்றவைத்த சதுரக் கண் வலை தருவார்கள். அரை அங்குலக் கண்ணுள்ளதை வாங்குங்கள். கூடு முழுவதற்கும் அது கட்டுப்படியாகும் என்றால் மிக நல்லது. முடியாவிட்டால், கோழிகள் அடையும் பகுதி முழுவதற்கும் அதையே அடித்து, பகலில் மட்டும் திரியும் வெளியிடத்துக்குப் பழைய வலையைப் பயன்படுத்துங்கள். நீங்கள் கடலுக்கு அருகில் இருப்பதால் நாகமுலாம் பூசிய வலையையே கேளுங்கள். உப்புக் காற்று மற்றதை விரைவில் துருவாக்கிவிடும். வலையைச் சிறு ஆணியால் மட்டும் அடிக்காமல், மேலே ஒரு சலாகையை வைத்து அழுத்தி அடித்தால் பிடுங்க முடியாது.

கீரி பகலில் வரும், மண்ணைத் தோண்டும். அதற்காகக் கூட்டைச் சுற்றி ஓரடி அகலத்தில் வலையை வெளிப்புறமாக மடித்து நிலத்தில் கிடத்தி, மேலே மண்ணும் கல்லும் போட்டுவிடுங்கள். சுவரோரத்தில் தோண்டத் தொடங்கும் விலங்குக்கு உடனே வலை தட்டுப்படும். ஓரடி பின்னே போய்த் தோண்ட அதற்குத் தோன்றுவதில்லை. கதவுக்குக் கொக்கி மட்டும் போதாது. இழுத்துப் பூட்டும் தாழ்ப்பாளோடு, அதன் துளையில் ஒரு குச்சியையோ பூட்டையோ மாட்டுங்கள். எவ்வளவு வலுவான கூடாக இருந்தாலும் கோழி அடையும் நேரத்தில் எண்ணிப் பார்த்துக் கதவைச் சாத்தும் பொறுப்பை வீட்டில் ஒருவர் ஏற்க வேண்டும்.

கேள்வி (சம்மாந்துறை): முட்டைப் பெட்டிக்குள்ளேயே கோழிகள் படுத்துத் தூங்குகின்றன. முட்டையெல்லாம் எச்சமாக இருக்கிறது.

பதில்: உங்கள் கூட்டில் பெட்டி உயரத்திலும் தடி தாழ்விலும் இருக்கிறது என்று நினைக்கிறேன். கோழி எப்போதும் மிக உயர்ந்த இடத்தையே தேடி அடையும். தடியைப் பெட்டியைவிட ஓரடி உயர்த்துங்கள். தடி இரண்டு அங்குல அகலமாக, விளிம்பு மழுங்கியதாக, கோழி ஒன்றுக்கு எட்டு அங்குல நீளம் கிடைக்கும்படி இருக்கட்டும். பெட்டி நாற்புறமும் ஓரடி, நான்கு கோழிகளுக்கு ஒன்று, இருட்டான மூலையில்.

கேள்வி (வாழைச்சேனை): ஐயா, எங்கள் ஊர்க்கோழிகள் புதுக் கூட்டை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. மாமரத்தில்தான் அடைகின்றன.

பதில்: மரத்தில் பிறகு ஏறாதபடி செய்ய ஒரு வாரப் பொறுமை வேண்டும், தம்பி. இருட்டியபின் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது. அப்போது ஒவ்வொன்றாக மெதுவாக இறக்கிக் கூட்டின் தடியில் வையுங்கள். ஏழு நாட்கள் வெளியே விடாமல், தீனியும் தண்ணீரும் உள்ளேயே கொடுங்கள். அதன்பின் மாலையில், அடைவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன் மட்டும் திறந்துவிட்டு, குறுநெல்லையோ அரிசிக் குறுநொய்யையோ கூட்டினுள் தூவிக் கூப்பிடுங்கள். பழகியபின் பகல் முழுவதும் விடலாம். ஒன்றிரண்டு பிடிவாதமாக மரத்துக்கே போனால் அன்றிரவே மறுபடி இறக்கி வையுங்கள். இதெல்லாம் செய்தும் எல்லாக் கோழிகளும் சேர்ந்து மறுத்தால், கூட்டில்தான் குறை இருக்கும்: உள்ளே புழுக்கமா, தடி தாழ்வா, இரத்தம் குடிக்கும் செள்ளுப் பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி (கல்முனை): ஒருவர் பழைய மரக்கூடு ஒன்றை மலிவாகத் தருகிறார். நல்ல முதிரைப் பலகை. எடுக்கலாமா?

பதில்: முதிரை என்றால் மரத்தைப் பற்றிக் கவலையில்லை. அந்தக் கூட்டில் முன்பிருந்த கோழிகள் எப்படிப் போயின என்று முதலில் கேளுங்கள். நோயில் செத்தன என்றால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். விற்றார்கள், அறுத்தார்கள் என்றால், இரவு நேரத்தில் போய்ப் பலகைப் பொருத்துகளில் டோர்ச் அடித்துப் பாருங்கள். செள்ளு பகலில் இடுக்குகளில் ஒளிந்திருந்து இரவில்தான் வெளிவந்து கோழியின் இரத்தத்தைக் குடிக்கும். கோழி இல்லாமலும் பல மாதங்கள் உயிரோடிருக்கும். ஒரு வெள்ளைத் துணியைத் தடியின் அடிப்பக்கத்தில் தேய்த்தால் சிவந்த புள்ளிகள் ஒட்டும். அப்படி இருந்தால் கூட்டைக் கழற்றி, ஒவ்வொரு பலகையாகச் சுரண்டி, கொதிநீர் ஊற்றிக் கழுவி, நல்ல வெயிலில் சில நாட்கள் காயவிட்டு, இடுக்குகள் நிரம்பும்படி சுண்ணாம்பு அடித்துப் பூட்டுங்கள். திருப்பிப் பூட்டும்போது ஒரு பக்கம் முழுவதையும் பிணைச்சல் வைத்த கதவாக மாற்றிவிடுங்கள். தும்புத்தடியோடு உள்ளே கை எட்டாத கூட்டை எவராலும் தொடர்ந்து துப்புரவாக வைத்திருக்க முடியாது.