கணவருக்கு மலேரியா, மனைவிக்கு ஐந்தாம் மாதம்: என்ன செய்யலாம்?

கேள்வி: மங்களூரில் விசைப்படகு வேலைக்குப் போன என் கணவருக்கு, குளச்சலுக்குத் திரும்பியதும் குளிர்காய்ச்சல் வந்தது. ரத்தம் பார்த்து விவாக்ஸ் மலேரியா என்றார்கள். நான் ஐந்து மாத கர்ப்பிணி. எனக்கும் ஒட்டுமா? காய்ச்சல் வந்தால் அவருடைய மாத்திரையையே போடலாமா?

பதில்: போடக்கூடாது. அவரிடம் இருப்பவை இரண்டு வகை மாத்திரைகள். மூன்று நாளில் முடிவது குளோரோகுயின். அது கர்ப்பிணிக்கும் தரும் மருந்துதான். 14 நாள் தொடர்வது பிரைமாகுயின்; அதைத் தொடவே வேண்டாம். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்களின் சிவப்பணுக்களை அது உடைத்துவிடும். உங்களுக்குப் பரிசோதித்துப் பார்க்கலாம், வயிற்றுக்குள் இருக்கும் பிள்ளைக்குப் பார்க்க வழி ஏது?

பக்கத்தில் படுத்தாலோ ஒரே தட்டில் சாப்பிட்டாலோ மலேரியா ஒட்டாது. அவரைக் கடித்த அனாபிலிஸ் கொசுவுக்குள் கிருமி ஏறக்குறைய இரண்டு வாரம் வளர்ந்த பிறகு, அதே கொசு உங்களைக் கடிக்க வேண்டும். ஆகவே இப்போதைக்கு நீங்கள் மட்டுமல்ல, அவரும் கொசுவலைக்குள் தூங்க வேண்டும். பிரைமாகுயினை அவர் ஒரு நாள் விடாமல் முடிக்கட்டும். காய்ச்சல் விட்டதும் நான்காம் நாளே மாத்திரையை ஓரங்கட்டுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. பாதியில் விட்டால், ஈரலில் உறங்கும் கிருமி சில மாதம் கழித்துத் திரும்ப எழலாம். அப்போது உங்களுக்குப் பேறுகாலமாக இருக்கலாம்.

உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விடுங்கள். நிலவேம்புக் கசாயம் குடித்து இரண்டு நாள் பார்ப்போம் என்று இருக்க வேண்டாம். கர்ப்பத்தில் அது ஏற்றதும் அல்ல. கணவருக்கு மலேரியா என்பதை நீங்களே முந்திச் சொல்லுங்கள். இல்லையென்றால் சிறுநீர்த் தொற்று, டெங்கு என்றுதான் முதலில் தேடுவார்கள். விரல் நுனியில் குத்தி எடுக்கும் ரத்தத்தில் ஸ்லைடும் (கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியில் பார்ப்பது) துரிதப் பரிசோதனையும் செய்வார்கள். துரிதப் பரிசோதனை அரை மணிக்குள் தெரிந்துவிடும். 'இல்லை' என்று வந்தும் காய்ச்சல் நீடித்தால் 12 முதல் 24 மணி நேரத்தில் திரும்பப் பார்க்கச் சொல்லுங்கள். மலேரியாவின் இன்னொரு வகையான பால்சிபாரம் கிருமி நஞ்சுக்கொடியில் ஒதுங்கிவிடும், விரல் ரத்தத்தில் அகப்படாமலே போகலாம்.

விவாக்ஸ் உறுதியானால் 250 மில்லிகிராம் குளோரோகுயின் மாத்திரை முதல் நாள் நான்கு, இரண்டாம் நாள் நான்கு, மூன்றாம் நாள் இரண்டு என்பது பெரியவர்களுக்கான வழக்கமான அளவு. உங்கள் எடை பார்த்து மருத்துவர் தீர்மானிப்பார். வெறும் வயிற்றில் குமட்டும், சாப்பிட்டுவிட்டுப் போடுங்கள். அரை மணிக்குள் வாந்தியில் போய்விட்டால் அந்த வேளைக்குத் திரும்பத் தர வேண்டியிருக்கும், மறைக்காமல் சொல்லுங்கள். பிரைமாகுயின் தர முடியாததால், மறுபடி வராமலிருக்கப் பிரசவம் வரை வாரம் ஒரு முறை குளோரோகுயின் தரலாமா என்று கேளுங்கள். பால்சிபாரம் என்றால் மருந்தே வேறு.

இவ்வளவு கறாராகச் சொல்லக் காரணம் ரத்தசோகை. விவாக்ஸ் கூட ஹீமோகுளோபினை இறக்கி, பிள்ளையின் எடையைக் குறைக்கும். குறைமாதப் பிரசவமும் நேரலாம். மயக்கம், மூச்சுத்திணறல், மஞ்சள் கண், கறுத்த சிறுநீர், பிள்ளை அசைவு குறைவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் நேராக ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

வீட்டில் பார்க்க வேண்டியது மாடித் தண்ணீர்த் தொட்டி. டார்ச் அடித்துப் பாருங்கள்: நீர்மட்டத்தோடு ஒட்டிப் படுத்திருக்கும் புழு அனாபிலிஸ், தலைகீழாகத் தொங்கினால் வேறு கொசு. முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும் என்பதால் வாரம் ஒரு தடவை தொட்டியை வற்றவிட்டுச் சுவரைத் தேய்த்துக் கழுவி, மூடியின் இடுக்கைத் துணியால் அடையுங்கள். ரப்பர் தோட்டத்துச் சிரட்டைகளில் மழைநீர் தேங்கி வளர்வது ஏடிஸ் கொசு; அதனால் வருவது டெங்கு, மலேரியா அல்ல. ஆனாலும் கவிழ்த்து வையுங்கள்.