அம்மிச்சியும் கிதாரும்

வணக்கம் ஐயா,

திருச்செங்கோட்டிலிருந்து எழுதுகிறேன். ஏழு மாதமாக வீட்டிலேயே இட்லிப்பொடி, பருப்புப்பொடி, கறிவேப்பிலைப்பொடி அரைத்து விற்கிறேன். மாதம் 80 பாக்கெட் போகிறது, அதற்கு மேல் ஏறவில்லை. ராத்திரி பிள்ளை தூங்கியதும் பணக்காரர்களிடம் போய்த் தொழிலுக்கு முதல் கேட்கும் ஷார்க் டேங்க், டிராகன்ஸ் டென், வியாபாரப் போட்டி வைக்கும் அப்ரெண்டிஸ் என்று டிவி நிகழ்ச்சி ஒன்று விடாமல் பார்த்து, சிறுதொழில் மார்க்கெட்டிங்குக்கு 14 பாடங்கள் எழுதி வைத்திருக்கிறேன் (இணைத்துள்ளேன்). முதல் பாடமே, பொருளை விற்காதே, கதையை விற்க வேண்டும் என்பதுதான். லேபிளில் “அம்மிச்சி கைப்பக்குவம்” என்று போடச் சொல்கிறார் வீட்டுக்காரர். உண்மையில் அம்மிச்சிக்கு (அம்மாவைப் பெற்ற பாட்டி) பொடி அரைக்கவே தெரியாது. அளவெல்லாம் நானே போட்டுப் பார்த்துப் பிடித்தது. போடலாமா? ஷார்க் டேங்குக்கு விண்ணப்பிக்கலாமா?

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

அம்மிச்சிக்குப் பொடி அரைக்கத் தெரியாது என்ற வரியைப் படித்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். இந்தப் பதிலே அந்த வரிக்காகத்தான்.

14 பாடங்களில் பாதியை விட்டுவிடுகிறேன். நான்காவது மட்டும் கோபத்தைக் கிளப்பியது. நிராகரிப்புதான் வெற்றியின் முதல் படியாம். 2013-இல் ஷார்க் டேங்கில் பணம் கிடைக்காமல் திரும்பிய அழைப்புமணிக்காரரின் கம்பெனியை, 2018-இல் அமேசான் 100 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. ரிங் என்ற அந்தக் கம்பெனி கதை எனக்கும் தெரியும். அவரைப்போலவே வெறுங்கையோடு போன மற்றவர்கள் எல்லாம் எங்கே? அவர்களை யார் டிவியில் காட்டுகிறார்கள்? இப்படிப் பாடம் எழுதினால் பரீட்சையில் பெயிலானவன் எல்லாம் கலெக்டர் ஆக வேண்டும். ஏழாவது பாடம், கடை போடும் இடம் முக்கியம் என்பது. சரிதான். 2004-இல் அப்ரெண்டிஸ் முதல் வாரத்தில் நியூயார்க் மீன் சந்தைப் பக்கம் போய் எலுமிச்சை ஜூஸ் விற்ற ஆண்கள் அணியைப் பார்த்தால் யாருக்கும் புரியும். அதற்கு நோட்டுப் புத்தகம் எதற்கு?

முதல் பாடத்துக்கு வருகிறேன். டிராகன்ஸ் டென் பார்த்தேன் என்கிறீர்கள், லீவை ரூட்ஸைப் பார்த்திருப்பீர்கள். ஜமைக்காவில் பிறந்து லண்டன் பிரிக்ஸ்டனில் வாழ்ந்தவர். 2007-இல் கிதாரோடு மாடிப்படி ஏறி வந்து, தன் ரெகே ரெகே சாஸைப் பற்றிப் பாட்டுப் பாடினார். முதலாளிகள் முகம் மலர்ந்துவிட்டது. கணக்குக் கேட்டபோது 25 லட்சம் லிட்டருக்கு ஆர்டர் இருக்கிறது என்றார். காகிதத்தை வாங்கிப் பார்த்தால் 2,500 கிலோ. அப்படியும் 50,000 பவுண்டு கிடைத்தது. கம்பெனியில் 20 சதவீதப் பங்கு தருவதாகச் சொல்லி வந்தவர் 40 சதவீதம் கொடுக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். சில வாரங்களில் சாஸ் செயின்ஸ்பரிஸ் என்ற பெரிய சூப்பர் மார்க்கெட் அலமாரியில் இருந்தது.

பார்த்தவர்கள் எல்லாரும் கிதாரைத்தான் பாடமாக எடுத்துக்கொண்டார்கள். நீங்களும் எடுத்திருக்கிறீர்கள், அடிக்கோடு வேறு. அந்த மனிதர் 1991-லிருந்து லண்டன் நாட்டிங் ஹில் தெருத் திருவிழாவில் கடை போட்டவர். வருஷா வருஷம் ஆகஸ்ட் கடைசியில் புகையில் நின்று கோழி சுட்டு, அதன் மேல் அந்தச் சாஸை ஊற்றிக் கொடுத்தவர். வீட்டுச் சமையலறையில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு பாட்டிலில் அடைத்தவர். பதினாறு வருஷம் ஜனங்கள் விரல் நக்கியதைக் கண்ணால் பார்த்தவனுக்குப் பாட்டு தானாக வரும். நீங்கள் ஏழு மாதத்தில் கிதார் தேடுகிறீர்கள்.

அவர் சாஸுக்கும் ஒரு பாட்டி உண்டு, தெரியுமா? பாட்டி சொல்லிக் கொடுத்த பக்குவம் என்றுதான் விற்றார். 2011-இல் பழைய நண்பர் ஒருவர், அந்தச் செய்முறை தன்னுடையது என்று லண்டன் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். வழக்கு தள்ளுபடி ஆனது, ஜெயித்தது ரூட்ஸ்தான். ஆனால் பாட்டி கதை விற்பனைக்காகச் சொன்னது என்று அங்கே அவர் வாயாலேயே ஒத்துக்கொள்ள வேண்டி வந்தது. பொய் சொல்லியும் ஜெயித்தாரே என்று உங்கள் வீட்டுக்காரர் கேட்பார். ஜெயித்தார்தான். சாஸ் நன்றாக இருந்தது, பாட்டி இல்லாமலேயும் விற்றிருக்கும்.

இந்தப் போட்டிகளின் கோளாறு இதுதான் என்று எனக்கு வெகுநாளாக ஓர் எண்ணம். 2001-இல் ஜப்பானில் தொடங்கியபோது பணக்காரர்களுக்குப் புலி என்று பெயர். இங்கிலாந்தில் அது டிராகன் ஆனது, அமெரிக்காவில் சுறா. மிருகம் மாறியதே தவிர அரங்கம் மாறவில்லை. விற்பவர் இருப்பார், முதல் போடுபவர் இருப்பார், வாங்குகிறவர் மட்டும் இருக்க மாட்டார். பங்கு வாங்க வந்தவரை மயக்கும் வித்தையை, பொடி வாங்க வந்தவரிடம் எப்படிக் காட்டுவீர்கள்?

எங்கள் பெரியம்மா கோவில்பட்டிப் பக்கம் வீடு வீடாக ஊறுகாய் விற்றவள். நான்காம் வகுப்பு விடுமுறையில் தூக்குவாளியைத் தூக்கிக்கொண்டு நான் கூடவே போவேன். யார் வீட்டிலும் அவள் வாயைத் திறந்து புகழ்ந்ததில்லை. உள்ளங்கையில் ஒரு துளி வைப்பாள், பேசாமல் நிற்பாள். ஒருநாள் கேட்டேன், நல்லாருக்குன்னு சொன்னாங்களே, ஏன் பெரியம்மா அந்த வீட்டுக்கு இனிமே போக வேண்டாம்னு சொல்லுத?

“நல்லாருக்குன்னு சொல்லுததுக்குக் காசா பணமா? வாயப் பாக்காதல. இன்னொரு தரம் கைய நீட்டுதாளான்னு பாரு.”

அந்த விடுமுறையிலேயே நானும் ஒரு கதை விட்டேன். ரயில்வே குவார்ட்டர்ஸில் ஓர் அம்மாவிடம், எங்க ஊறுகாயைக் கலெக்டர் வீட்டில் வாங்குகிறார்கள் என்று அளந்துவிட்டேன். அந்த அம்மா அரைக் கிலோ வாங்கினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. தெரு முனை திரும்பியதும் மண்டையில் நறுக்கென்று ஒரு குட்டு. “அவ கலெக்டரையில்லா வாங்கிருக்கா? அடுத்த வாரம் ஊறுகாய்க்கு எப்பிடில வருவா?” திரும்பிப் போய் உண்மையைச் சொல்ல வைத்தாள். அந்த அம்மா சிரித்துக்கொண்டே பாட்டிலை வைத்துக்கொண்டாள். குட்டு வாங்கிய இடம் சாயங்காலம் வரை வலித்தது.

ஏழு மாதம், எட்டு மாதம் உப்பையும் உளுந்தையும் மாற்றி மாற்றிப் போட்டு, கருகியதைக் கொட்டி, அளவைப் பிடித்தது நீங்கள். அந்த உழைப்பைத் தூக்கி, பாவம், ஒன்றும் அறியாத அம்மிச்சியிடம் ஏன் கொடுக்கிறீர்கள்? லேபிளில் உரிம எண், தேதி, எடை, என்னென்ன சேர்த்தது எல்லாம் அச்சடித்த பிறகு இடம் மிச்சமிருந்தால் உங்கள் பெயரைப் போடுங்கள்.

மாதம் 80 பாக்கெட் என்கிறீர்கள். அதில் இரண்டாம் முறை வாங்கியவர்கள் எத்தனை பேர்? 14 பாடம் எழுதியவர் அந்த ஒரு கணக்கை எழுதவில்லை. இந்த வாரம் போன் நம்பர்களை எடுத்து வைத்து எண்ணுங்கள். முதல் மாதம் வாங்கிவிட்டு அப்புறம் வராதவர்களைக் கூப்பிட்டு, உப்பா, காரமா, எண்ணெய் ஊற்றிப் பிசைந்தால் ஒட்டுகிறதா என்று கேளுங்கள். திட்டினால் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஷார்க் டேங்க் பற்றியும் ஏதோ கேட்டிருந்தீர்கள். அது இருக்கட்டும். எனக்குக் கறிவேப்பிலைப்பொடி கால் கிலோ அனுப்புங்கள், விலையைச் சொன்னால் பணம் அனுப்பிவிடுகிறேன். லேபிள் இன்னும் அச்சாகவில்லை என்றால் வெறும் கவரிலேயே அனுப்புங்கள்.