பக்கப் பார்வை: ஒற்றைக் கண்ணாகச் சோதியுங்கள்

கே: பக்கப் பார்வையை வீட்டில் சோதிப்பது எப்படி? (கோண்டாவில்)
ப: சோதிக்கப்படுபவரும் நீங்களும் ஒரு மீற்றர் இடைவெளியில் நேருக்கு நேர் கதிரை போட்டு இருங்கள். அவர் இடக்கண்ணைப் பொத்தினால் நீங்கள் வலக்கண்ணைப் பொத்துங்கள். ஒருவர் திறந்த கண்ணை மற்றவர் பார்த்தபடி இருக்க, இருவருக்கும் நடுவே விரலை அசைத்து வெளியிலிருந்து உள்ளே கொண்டு வாருங்கள். நாலு பக்கமும். நீங்கள் காணும்போது அவரும் காணவேண்டும்.

கே: இரண்டு கண்ணையும் திறந்து பார்த்தோம், எல்லாம் தெரிகிறது. போதுமா? (மானிப்பாய்)
ப: போதாது. ஒரு கண் விட்டதை மற்றக் கண் பிடித்துவிடும். எத்தனை தரம் எழுதுவது? ஒற்றைக் கண்ணாக!

கே: காதுப்பக்கம் 90 பாகை வரை தெரிகிறது, மூக்குப்பக்கம் 60தான். குறைபாடா?
ப: இல்லை. மூக்கு மறைக்கிறது.

கே: அப்பாவுக்கு 6 வருடமாகக் குளுக்கோமா. வீட்டில் சோதித்தோம், எல்லா விரலும் தெரிகிறது. துளி மருந்தை நிறுத்திவிட்டோம். சரிதானே? (சாவகச்சேரி)
ப: சரியே இல்லை. குளுக்கோமா பார்வை நரம்பை மெல்ல மெல்லப் பழுதாக்கும் நோய். இன்றிரவே மருந்தைத் தொடங்குங்கள். இந்தக் கிழமைக்குள் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். மருந்தை விட்டுவிட்டு, இரண்டு வருடம் கழித்து வாசற்படியில் தடக்கி விழுந்த பிறகு வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. விரல் சோதனை பெரிய இழப்பைத்தான் பிடிக்கும். பார்வை நரம்பின் இழைகளில் மூன்றில் ஒரு பங்கு போன பிறகுகூட கிளினிக்கில் பக்கப் பார்வையை அளக்கும் இயந்திரமே சிலவேளை ஒன்றும் காட்டாது. விரல் என்னத்தைக் காட்டும்? போன இடம் கறுப்பாகவும் தெரியாது, சுற்றியுள்ளதைக் கொண்டு மூளை நிரப்பிவிடும். 'பேப்பர் வாசிக்கிறாரே' என்பீர்கள். நடுப்பார்வை கடைசியாகத்தான் போகும். செத்த இழை திரும்பி வராது, மிச்சத்தைக் காப்பதே துளி மருந்தின் வேலை. கண் அழுத்தம் சாதாரண அளவில், அதாவது 21 மி.மீ. இரசத்துக்குக் கீழே, இருப்பவருக்கும் இந்த நோய் வரும். 40 தாண்டிய பிள்ளைகளும் அப்பாவோடு போய்க் கண்ணைக் காட்டுங்கள், பரம்பரையில் வரக்கூடியது.

கே: அம்மம்மா இரண்டு நாளாகச் சாப்பாட்டுக் கோப்பையின் இடப்பக்கத்தைத் தொடுகிறா இல்லை. கண் பரிசோதிக்கவா? (பருத்தித்துறை)
ப: இது கடிதம் எழுதிப் பதில் பார்த்திருக்கும் விஷயமா? இரு கண்ணுக்கும் ஒரே பக்கம் மறைந்தால் மூளையைத்தான் சந்தேகிக்க வேண்டும், பக்கவாதமாக இருக்கலாம். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள்.

கே: மின்னல்போல வெளிச்சம், பூச்சி பறப்பதுபோலப் புள்ளிகள், ஓரத்தில் திரை.
ப: விழித்திரை கழலுகிறதோ என்று அன்றைக்கே பார்க்க வேண்டும். வீட்டில் சோதித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

கே: கட்டம் போட்ட தாளைப் பார்க்கச் சொன்னார்கள். அதுவும் பக்கப் பார்வைக்கா? (சுன்னாகம்)
ப: அது நடுப்பார்வைக்கு. வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டு, 30 சென்ரிமீற்றரில் பிடித்து, நடுப்புள்ளியை மட்டும் பாருங்கள். கோடு வளைந்தாலோ மறைந்தாலோ வைத்தியரிடம் போங்கள். இதையும் ஒற்றைக் கண்ணாகத்தான்.