லினக்ஸில் கேம் ஆட முடியுமா?

கேள்வி: என் கணினி விண்டோஸ் 11-ஐ ஏற்கவில்லை. லினக்ஸுக்கு மாறினால் கேம்கள் ஓடுமா? எல்லோரும் பயன்படுத்தும் இயங்குதளமாக அது என்றாவது ஆகுமா?

பதில்: விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடிந்துபோனதாலும், விண்டோஸ் 11 டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வசதியைக் கட்டாயமாகக் கேட்பதாலும், நன்றாக ஓடும் கணினியை வைத்துக்கொண்டு பலர் இதே கேள்வியைக் கேட்கிறார்கள்.

தனியாளாக ஆடும் கேம்கள் என்றால் பெரும்பாலும் கவலையில்லை. வால்வ் நிறுவனம் தன் கேம் விற்பனைத் தளமான ஸ்டீமில் 2018-இல் சேர்த்த புரோட்டான், விண்டோஸ் மென்பொருள்களை லினக்ஸில் ஓட்டுவதற்காக 1993 முதல் வளர்ந்துவரும் வைன் மென்பொருளின் மேல் எழுப்பப்பட்டது. விண்டோஸ் கேம் ஒன்று விண்டோஸின் வரைகலை இடைமுகமான டைரக்ட்3டி வழியாக ஒரு காட்சியை வரையச் சொல்லும்போது, புரோட்டானுக்குள் இருக்கும் டி.எக்ஸ்.வி.கே. அந்தக் கட்டளையை அப்போதே லினக்ஸிலும் இயங்கும் வல்கன் என்ற இடைமுகத்தின் கட்டளையாக மாற்றி கிராபிக்ஸ் கார்டிடம் கொடுத்துவிடுகிறது. 2022-இல் வந்த ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கேம் கருவியும் இப்படித்தான் விண்டோஸ் கேம்களை ஓட்டுகிறது. அதில் ஆடுவதற்கு லினக்ஸ் பற்றி ஒன்றும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

சிக்கல் இணையவழிப் போட்டி கேம்களில்தான். ஈஸி ஆன்ட்டி-சீட், பேட்டில்ஐ போன்ற மோசடித் தடுப்பு மென்பொருள்கள் 2021-லேயே புரோட்டானுக்கு இடமளித்துவிட்டாலும், கேமை வெளியிடுபவர் அனுமதித்தால்தான் பயன். ஃபோர்ட்நைட் அனுமதிக்கவில்லை, ஏபெக்ஸ் லெஜண்ட்ஸோ அனுமதித்துவிட்டு 2024-இல் கதவைச் சாத்திக்கொண்டது. இயங்குதளத்தின் மையமான கெர்னலையே திருத்திக்கொள்ளும் உரிமை பயனருக்கு உள்ள இடத்தில் காவல் வைப்பது கடினம் என்ற அவர்களுடைய வாதத்தை முற்றிலும் தள்ளிவிட முடியாது. ஆனாலும் ஆட்கள் பெருகினால் இந்தப் பிடிவாதம் தளரும் என்பதே என் கணிப்பு.

ஆட்கள் பெருகுவார்களா? ஸ்டீமின் மாதாந்திரக் கணக்கெடுப்பில் லினக்ஸின் பங்கு 2025 அக்டோபரில்தான் 3 விழுக்காட்டைத் தாண்டியது. பெரும்பாலானோர் கணினியோடு வந்த இயங்குதளத்தையே வைத்துக்கொள்கிறார்கள் என்பதால், கடையில் வாங்கும் மடிக்கணினியிலேயே லினக்ஸ் இருந்தாலொழிய அந்தப் பங்கு மெல்லத்தான் ஏறும். லினக்ஸுக்கென வராத ஃபோட்டோஷாப்பை நம்பிப் பிழைப்பவர்களுக்கு இப்போதைக்கு நான் லினக்ஸைப் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: விண்டோஸையும் வைத்துக்கொண்டு முயன்று பார்க்கலாமா?

பதில்: தாராளமாக. முதலில் லினக்ஸின் ஒரு வகையான லினக்ஸ் மின்ட்டை ஒரு பென் டிரைவிலிருந்தே ஓட்டி, வைஃபையும் ஒலியும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு நிறுவும்போது, விண்டோஸின் என்.டி.எஃப்.எஸ். கோப்பு அமைப்பு கொண்ட வட்டுப் பகுதியில் உள்ள கேம்களை அப்படியே புரோட்டானில் ஓட்ட முயலாமல், லினக்ஸின் ஈ.எக்ஸ்.டி.4 கோப்பு அமைப்பு கொண்ட பகுதியில் புதிதாக இறக்கிக்கொள்ளுங்கள். பாதித் தொல்லை அதிலேயே தீர்ந்துவிடும்.