‘ஒன்றும் ஆகாது’ – கடிதமும் பதிலும்

வணக்கம் அம்மா,

கல்லூரி நாட்களிலிருந்து உங்களை வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. எங்கள் மகனுக்கு 14 மாதம் ஆகிறது. அவனுக்கு இனி தடுப்பூசியே வேண்டாம் என்கிறாள் என் மனைவி. ஊசியால் ஆட்டிசம் வரும், அதில் பாதரசம் இருக்கிறது, தின்பண்டங்களில் போடும் சாயத்திலிருந்து மருந்து வரை எல்லாமே கம்பெனிக்காரர்களின் வியாபாரம் என்று தினமும் ஒரு வீடியோ அனுப்புகிறாள். ‘என் பிள்ளை உடம்பில் எது போக வேண்டும் என்று முடிவெடுப்பது என் சுதந்திரம்’ என்கிறாள். படித்தவள்தான், ஆனால் இந்த விஷயத்தில் முட்டாளாகிவிட்டாள். பேசிப் பேசி அலுத்துவிட்டது. அவளுக்குத் தெரியாமல் அவனைத் தூக்கிக்கொண்டு போய் ஊசி போட்டுவிடலாமா? நல்லதற்காகத்தானே?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

அப்படிச் செய்யாதீர்கள். கேட்ட கேள்விக்குப் பதில் அவ்வளவுதான். ஏன் என்று சொல்ல வேண்டுமானால் என் வீட்டுக் கதைக்குள் போக வேண்டும். ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்டு வந்த கதை. உங்கள் கடிதம் என்னை உட்கார வைத்துவிட்டது.

அதற்கு முன்னால் ஒன்று. மனைவியை முட்டாள் என்று எனக்கு எழுதியிருக்கிறீர்கள். முன்பின் பார்த்திராத ஒருத்தியிடமே இப்படிச் சொல்ல முடிகிறதென்றால், வீட்டில் அவர் முகத்துக்கு நேரே எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்? பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று தூக்கம் கெட்டுத் தேடித் தேடிப் பார்க்கிற அம்மாவை அப்படிச் சொல்ல உங்களுக்கு எப்படி மனசு வந்தது? அவர் பார்க்கிற வீடியோவில் தப்பு இருக்கிறது, சரி. அந்தப் பயத்தில் என்ன தப்பு?

அந்த அம்மாவாக நானே இருந்திருக்கிறேன்.

என் மகளுக்கு 15 மாதத்தில் எம்.எம்.ஆர். ஊசி (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ருபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடுவது) போட்டோம். “ஏதாவது ஆகுமா டாக்டர்?” என்று கேட்டேன். “ஒண்ணும் ஆகாதும்மா” என்றார், அட்டையில் தேதி எழுதிக்கொண்டே. தலை நிமிரவில்லை. ஒன்பதாம் நாள் இரவு காய்ச்சல் அனலாய்க் கொதித்தது. விடியற்காலை மூன்று மணி இருக்கும், கண் மேலே செருகிக்கொண்டது, கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. இரண்டு நிமிடம்கூட இருந்திருக்காது. என் முழங்கை மடிப்பில் அவள் கழுத்து விறைத்துக் கிடந்தது இன்றைக்கும் எனக்கு அங்கே தெரிகிறது. விடிந்ததும் அதே டாக்டரிடம் ஓடினோம். “ஊசிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை” என்றார்.

சம்பந்தம் இருந்தது. அந்த ஊசி போட்ட ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்குள் சில குழந்தைகளுக்குக் காய்ச்சல் வரும். சுமார் 3,000 அல்லது 4,000 குழந்தைகளில் ஒன்றுக்குக் காய்ச்சலோடு வலிப்பும் வரும். பார்க்கிறவர்களுக்கு உயிர் போய்விடும், ஆனால் பிள்ளையின் மூளையை அது கெடுப்பதில்லை. தட்டம்மையே வந்தால் வலிப்பு இதைவிடப் பல மடங்கு அதிகம். ஆயிரத்தில் ஒரு குழந்தைக்கு மூளை வீக்கமும் வரும். இதெல்லாம் டாக்டர்கள் படிக்கிற புத்தகத்திலேயே இருக்கிறது. எனக்குச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். சொல்லியிருந்தால் அந்த ஒன்பதாம் நாள் ராத்திரி நான் தெர்மாமீட்டரோடு உட்கார்ந்திருப்பேன். சொல்லாததால், இவர் பொய்யர் என்று முடிவு செய்தேன். அதன் பிறகு ஊசிக்கு எதிராக யார் எதைச் சொன்னாலும் நம்பினேன். அப்போது வீடியோ கிடையாது. ஜெராக்ஸ் எடுத்த தாள்கள் கைமாறி வரும். ஒரு ஃபைல் நிறைய வைத்திருந்தேன்.

அடுத்த ஊசிக்கு முடியாது என்றேன். நீங்கள் கேட்பதைத்தான் என் கணவர் செய்தார். நான் வெளியே போயிருந்த ஒரு நாள் அவளைத் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டுவிட்டு வந்தார். சாயங்காலம் குளிப்பாட்டும்போது தொடையில் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. தொட்டதும் வீறிட்டாள். நடுவில் ஊசிப்புள்ளி. அன்று இரவும் காய்ச்சல். ஊசியின் நன்மையை நான் இப்போது மறுக்கவில்லை. ஆனால் அன்றைக்கு, ஆஸ்பத்திரியில் ஒருவர் பொய் சொன்னது போதாதென்று வீட்டிலும் ஒருவர் சேர்ந்துவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றியது. எங்களுக்குள் அது ஆற வருடங்கள் ஆயின. முழுக்க ஆறியதா என்றால், இதை எழுதும்போது கை நடுங்குகிறது.

என்னைத் திருப்பியது ஒரு வயதான நர்ஸ். வேறு ஏதோ காரியமாகப் போன இடத்தில் பேச்சுவாக்கில் வலிப்பைப் பற்றிச் சொன்னேன். “ஆமாம்மா, ஊசிக் காய்ச்சல்லதான் வந்திருக்கும்” என்றார். அந்த ‘ஆமா’வைக் கேட்டதும் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அப்புறம் அவர் சொன்னதையெல்லாம் காது கொடுத்துக் கேட்டேன். விட்டுப்போன ஊசிகளை அவர் கையாலேயே போட்டோம்.

ஊசி விஷம் என்கிறது ஒரு கட்சி. ஊசியால் எதுவுமே ஆகாது, கேள்வி கேட்பவன் அறிவியலின் எதிரி என்கிறது இன்னொரு கட்சி. நான் ஊசியின் பக்கம் நிற்பவள். அதனால்தான் அந்தப் பக்கத்தில் இருந்துகொண்டு ‘ஒன்றும் ஆகாது’ என்று சொல்பவர்கள் மேல் எனக்குக் கோபம் அதிகம். குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்குக் காரணமான ரோட்டா வைரஸுக்கு முதல் தடுப்பு மருந்து 1998ல் அமெரிக்காவில் வந்தது. அடுத்த வருடமே, சில குழந்தைகளுக்குக் குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொள்வதாகத் தகவல்கள் வந்தன. கணக்கிட்டுப் பார்த்ததில் சுமார் 10,000 பேரில் ஒருவருக்கு அந்த ஆபத்து. 1999லேயே மருந்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அங்கே வந்த மருந்துகள் இரண்டையும், ஒவ்வொன்றையும் 60,000க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் சோதித்துவிட்டுத்தான் அனுமதித்தார்கள். ஊசிக்கு எதிராகப் பேசுகிறவர்கள் இதைக் குற்றப்பத்திரிகையாக வாசிக்கிறார்கள். என் நம்பிக்கையே இதில்தான் இருக்கிறது. தப்பு நடந்ததை ஒருவர் எழுதினார், இன்னொருவர் எண்ணினார், மருந்து நின்றது. இதை ஏன் பெற்றோரிடம் மறைக்க வேண்டும்?

நம்பிக்கை போனால் என்ன ஆகும் என்பதற்கு சமோவா தீவுதான் உதாரணம். 2018 ஜூலையில் அங்கே இரண்டு குழந்தைகள் எம்.எம்.ஆர். ஊசி போட்ட சில நிமிடங்களில் இறந்தன. மருந்தில் குறையில்லை. கலக்க வேண்டிய நீருக்குப் பதிலாகத் தசையைத் தளர்த்தும் மயக்க மருந்தை எடுத்துக் கலந்துவிட்டார்கள். அரசாங்கம் அந்த ஊசியைப் பல மாதங்கள் நிறுத்தி வைத்தது. திரும்ப ஆரம்பித்தபோது தாய்மார்கள் வரவில்லை. 2019 கடைசியில் தட்டம்மை வந்தது. சுமார் இரண்டு லட்சம் பேர் வாழும் நாட்டில் 83 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். ஊசி போடாதவர்கள் இருக்கும் வீடுகளின் முன்னால் சிவப்புத் துணி கட்டச் சொல்லி, டிசம்பரில் இரண்டு நாள் நாட்டையே மூடிவிட்டு, வீடு வீடாகப் போய்ப் போட்டார்கள். வாசல்களில் அந்தச் சிவப்புத் துணி தொங்கும் படங்களை நான் நிறைய நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். முந்தைய வருடம் ஊசி வேண்டாம் என்ற அம்மாதான் அதைக் கட்டியிருப்பாள்.

சுதந்திரம் என்று உங்கள் மனைவி சொல்வதையும் உதறிவிடாதீர்கள். 1853ல் இங்கிலாந்தில் பெரியம்மைக்கு எதிராக அம்மை குத்துவதைக் கட்டாயமாக்கியதிலிருந்து நடக்கிற வழக்கு இது. மனசாட்சிப்படி மறுக்கிறவர்களுக்கு 1898ல் சட்டமே விலக்கு கொடுத்தது. அமெரிக்காவில் ஜேக்கப்சன் என்ற பாதிரியார், சின்ன வயதில் குத்திய அம்மையால் தான் அவதிப்பட்டதாகச் சொல்லி மறுத்தார். 5 டாலர் அபராதம். 1905ல் அது சரிதான் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு எனக்கும் சம்மதம்தான். தட்டம்மை வந்தவர் எழுந்து போன அறையின் காற்றில் இரண்டு மணி நேரம்வரை கிருமி இருக்கும். அங்கே ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து எடுக்கிற ஒரு குழந்தை வந்தால், அதற்கு ஊசியும் போட முடியாது. அந்தக் குழந்தையின் அம்மாவுக்கும் சுதந்திரம் வேண்டாமா? இதை உங்கள் மனைவியிடம் நீங்கள் கேட்கலாம், கத்தாமல் கேட்டால்.

மற்றவற்றுக்கு நேரம் செலவிட மாட்டேன். ஆட்டிசம் பற்றிய பயத்தைக் கிளப்பியது 12 குழந்தைகளை வைத்து 1998ல் ஒரு மருத்துவ இதழில் வந்த கட்டுரை. அதை 2010ல் அந்த இதழே நீக்கிவிட்டது. 2019ல் டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைப் பார்த்துவிட்டார்கள், தொடர்பு இல்லை. எம்.எம்.ஆரில் பாதரசம் எப்போதுமே கிடையாது. சாயத்தில் மட்டும் அவர் கோபம் நியாயமானது. ‘ரெட் 3’ என்ற சாயத்தை அழகுசாதனங்களில் போடக் கூடாது என்று அமெரிக்கா 1990ல் சொன்னது. உணவில் போடக் கூடாது என்று சொல்ல 2025 ஆனது. இதைப் படித்த ஒருவர் ‘வேறு எதையெல்லாம் மறைக்கிறார்கள்’ என்று கேட்டால் அவரிடம் போய்ச் சிரிக்காதீர்கள்.

இருவரும் சேர்ந்து போங்கள். என்னென்ன ஆகலாம், எத்தனை பேருக்கு, எந்த நாளில் என்று அவரே டாக்டரிடம் கேட்கட்டும். டாக்டர் ‘ஒன்றும் ஆகாது’ என்றால் எழுந்து வேறு டாக்டரிடம் போங்கள். எம்.எம்.ஆர். போட்ட பிறகு, ஏழாம் நாளிலிருந்து தெர்மாமீட்டர் தலைமாட்டில் இருக்கட்டும். வலிப்பு வந்தால் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், எவ்வளவு நேரம் என்று கடிகாரத்தைப் பாருங்கள், ஐந்து நிமிடம் தாண்டினால் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள், முதல் தடவை வருவதானால் நின்ற பிறகும் காட்டிவிடுங்கள். அந்த ஒரு வாரம் ராத்திரி நீங்கள் விழித்திருங்கள் தம்பி. அவர் தூங்கட்டும்.

அன்புடன்